நகராட்சிக் கடலும் உப்பு போடும் உத்தியோகமும்

எங்கள் ஊரில் கடல் இல்லை. இதை இதுவரை யாரும் ஒரு குறையாகச் சொன்னது கிடையாது. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கிறோம், எழுதிக் கொடுத்திருக்கிறோம், நகராட்சி வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தியும் இருக்கிறோம். கடல் வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே கடல் கிடைத்தது.

நகராட்சிக் கட்டடத்துக்கு நேர் பின்னால் இருப்பது எங்கள் தெரு. பேரே பின்தெரு. தெருமுனையில் எனக்கு ஒரு பஞ்சர் கடை. டியூபில் எங்கே ஓட்டை என்று பார்க்க ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை நான் மாற்றி எத்தனை காலமாயிற்று என்று தயவுசெய்து கேட்காதீர்கள். டியூபை முக்கினால் குமிழி விடுவது டியூபா, தண்ணீரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். தெருக் குழாயைத் திறந்தால் காற்று வரும். நல்ல காற்று. வாடிக்கையாளர் அவசரப்பட்டால் சைக்கிளுக்கு அதிலேயே அடித்து அனுப்பிவிடலாம்.

மேல்நிலைத் தொட்டி நகராட்சிக்கு முன்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டுத் தாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: தொட்டிக்கும் தெருவுக்கும் குறுக்கே நகராட்சிக் கட்டடம் அமைந்துள்ளபடியால் தங்கள் கோரிக்கை பரிசீலனைக்கு உகந்ததல்ல. நகராட்சிதான் குறுக்கே நிற்கிறது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அதை அவர்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதில் ஒரு சின்ன திருப்தி.

இப்படி இருக்கும்போது எங்கள் ஆணையர் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார். பல ஊர் ஆணையர்கள் கூடிய பயிற்சி. அங்கே என்ன பயின்றார்கள் என்று தெரியவில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் எல்லோரும் நிறுவல் கலையைப் பற்றியே பேசினார்களாம். நிறுவல் கலை என்றால் சுவரில் மாட்டும் படமும் இல்லை, பீடத்தில் நிற்கும் சிலையும் இல்லை. ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் எதையாவது நிறுவ வேண்டும். உள்ளே போகிறவன் ஒன்றும் புரியாமல் திகைத்து வெளியே வர வேண்டும். இது எங்கள் நகராட்சியில் காலங்காலமாக நடந்துகொண்டிருப்பதுதான். அதற்குக் கலை என்று பேர் இருப்பது எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு ஊரில் பழைய டயர்களால் மலை நிறுவியிருந்தார்கள். இன்னொரு ஊரில் குடைகளால் காடு.

"உங்க ஊர்ல என்ன சார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"எங்க ஊர்ல தண்ணிப் பஞ்சம் சார்."

"அப்படியா? நல்லா இருக்கே! பண்ணது எந்தக் கலைஞர்?"

ஆணையர் அன்று இரண்டாவது தேநீரைக் குடிக்கவில்லையாம். ஊருக்குத் திரும்பியவர் முதல் வேலையாக ஒரு நிறுவல் கலைஞரை வரவழைத்தார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண். அவர் வந்த அன்று ஆணையரின் ஜீப்புக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டுப் பில்லில் கையெழுத்து வாங்க நான் அறை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

அந்தம்மா ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு மேசை அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் கடல் தண்ணீர், மேலே தொங்கும் ஒரு பழைய மீன்வலை. காலையில் தண்ணீர் ஏறும், மாலையில் இறங்கும். பார்க்க வருகிறவர் விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"எங்கம்மா வீட்டு வாசல்ல சும்மா உக்காந்திருந்தாலே உதட்டுல உப்பு படியும் சார். அதைத்தான் இங்க கொண்டுவரப் பாக்கிறேன்," என்றார்.

ஆணையர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது குளம் மாதிரி இருக்கேம்மா. நான் கேட்டது கடல்."

"இதுல அளவு முக்கியமில்ல சார்."

"உங்களுக்கு முக்கியமில்ல. பக்கத்து ஊர் மலை ரெண்டு மாடி உயரம்."

அத்தோடு அளவு முடிவாயிற்று. வரி வசூல் கூடம் முழுவதும் கடல். அடுத்தது தண்ணீர். உதவிப் பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"கடல்லேருந்து லாரியில கொண்டுவரலாம் சார். ஆனா வழியில சிந்தும். சிந்தினா தணிக்கையில கடல் குறையுதுன்னு எழுதுவாங்க. அதுக்குப் பதிலா, குடிதண்ணியைக் குழாய்ல கொண்டுவந்து இங்கேயே உப்பு போட்டுட்டா தினமும் புதுக் கடல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னை மறந்து, "சார், குடிக்கிற தண்ணியிலயா?" என்று கேட்டுவிட்டேன்.

உதவிப் பொறியாளர் கோபப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினார். "உப்பு போட்டப்புறம் அது குடிக்கிற தண்ணியே இல்லப்பா. அதனால குடிதண்ணி வீணாகுதுன்னு யாரும் சொல்ல முடியாது."

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நகராட்சிக்குள் குழாய் வந்தது. பாதி வழி வந்துவிட்டதே என்று தெருவில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பாதியும் வந்தது. மாலையில் கடல் இறங்கியாக வேண்டுமே! அந்தத் தண்ணீர் வெளியேறப் பின்சுவரை உடைத்து, ஒரு குழாயை எங்கள் தெருச் சாக்கடைக்கு மேலே நீட்டிவிட்டார்கள். எங்கள் நீண்டகாலக் கோரிக்கை இப்படியாக நிறைவேறியது.

இனி உப்பு போட ஆள் வேண்டும். தற்காலிக உவர்ப்பு உதவியாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். தகுதி: கடலை நேரில் பார்த்த அனுபவம். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை கடற்கரைக்குப் போனவன். போகும் வழியெல்லாம் பேருந்தில் வாந்தி எடுத்ததைத் தவிர அவனுக்கு வேறெதுவும் நினைவில்லை. இருந்தாலும் ஊரில் வேறு யாருக்கும் அந்த அளவு அனுபவம்கூட இல்லாததால் வேலை அவனுக்கே கிடைத்தது. அதுவரை என் கடைத் திண்டில் உட்கார்ந்து, "ஏதாவது வழி பண்ணுங்க மாமா" என்பதே அவன் தொழிலாக இருந்தது.

வெள்ளோட்டம் விட்ட அன்று அவன் ஒரு மூட்டை உப்பைக் கொட்டிக் கலக்கினான். மாலையில் பின்சுவர்க் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. என் மனைவிதான் முதலில் வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே துப்பிவிட்டு, சாக்கடையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் குடிக்க இருந்தது ஒரு செம்புத் தண்ணீர்.

மச்சான் வேலை முடிந்து சாப்பிட வந்தான். அவள் தட்டு வைத்தாள்; தண்ணீர் வைக்கவில்லை.

"தண்ணி எங்கக்கா?"

"நீதான் உப்பு போட்டுட்டியே."

"அது என் வேலைக்கா."

"சரி. போடாம விட்டா என்ன ஆகும்?"

"உப்பு இருக்காது."

"உப்பு இல்லேன்னா யாருக்குத் தெரியும்?"

மச்சான் யோசித்துப் பார்த்தான். நகராட்சியில் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதை யாராவது கண்டுபிடித்ததாக அவனுக்கும் ஞாபகம் வரவில்லை. மறுநாளிலிருந்து உப்பு மூட்டை நகராட்சியின் பின்கதவு வழியாக என் பஞ்சர் கடைக்கு வந்துவிடும். மாலையில் கடல் இறங்கும்போது எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் வரும். என் கடைத் தொட்டியில் அடிமட்டம் தெரிந்தது. அதில் பல வருடங்களாகக் காணாமல் போயிருந்த ஒரு ஸ்பேனரும் கிடைத்தது.

திறப்பு விழாவுக்கு நாங்களும் போனோம். கூடத்தில் மணல் பரப்பி, கூரை முழுக்க நீலத் துணி தொங்கவிட்டு, மின்விசிறியால் அதை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் கடல் சத்தம். கலைஞர் வரவில்லை, அழைப்பிதழில் முக்கியஸ்தர்களின் பெயர்களைப் போட்டதுபோக அவர் பெயருக்கு இடம் இல்லையாம். ஆணையர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

மச்சான் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

"ஆகா!" என்றார் ஆணையர். "அப்படியே கடல்!"

உதவிப் பொறியாளரும் நக்கிப் பார்த்தார். "கொஞ்சம் கூடுதலாவே இருக்கு சார்," என்றார். அதன்பிறகு வந்திருந்த அத்தனை பேரும் வரிசையாக நக்கி, முகத்தைச் சுளித்து, உப்பு உப்பு என்று பாராட்டினார்கள். வரி கட்ட வந்த ஒரு பெரியவர் மட்டும் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி வயிறாரக் குடித்தார். அவருக்குக் கலை தெரியாது என்று காவலாளி வெளியே கூட்டிப்போனார்.

நாள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடல் ஏறியிருக்கும்போது வரி வாங்க இயலாது என்று எழுத்தர்கள் பலகை வைத்தார்கள். கடல் இறங்கும் நேரம் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரமாக அமைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. வரி கட்டாமலிருக்க எங்களுக்கும் ஒரு காரணம் கிடைத்ததே! என் கடையில் மட்டும் உப்பு மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் மாட்டியிருந்த சைக்கிள் ரிம்மெல்லாம் துருப்பிடித்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாலை அந்தக் கலைஞர் வந்தார். தான் உண்டாக்கிய கடலைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார், பாவம். கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர், இறங்குகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே பின்தெருவுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ஆணையரும் உதவிப் பொறியாளரும் ஓடிவந்தார்கள். அங்கே எங்கள் குடங்கள் வரிசையாக நின்றன. என் மனைவி குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அப்படியே உறைந்துபோனாள்.

கலைஞர் குனிந்து, விரலை நனைத்து உதட்டில் வைத்தார். பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"இதுல உப்பே இல்லையே சார்."

"அதெப்படி இல்லாம போகும்? தினமும் ஒரு மூட்டை வாங்கறோம். வவுச்சர் இருக்கு," என்றார் ஆணையர்.

"வவுச்சர்ல இருக்கலாம். தண்ணியில இல்ல."

"அப்ப உங்க நாக்கைத்தான் பரிசோதிக்கணும்."

கலைஞர் என் மனைவியைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், சுவரோரம் வெளிறிப்போய் நின்ற மச்சானைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெல்லச் சிரித்தார்.

"என் நாக்குதான் சரியில்ல போலிருக்கு சார். இப்படியே விட்டுடுங்க. இந்தக் குடங்களோட வரிசைதான் இதுல ரொம்ப நல்லா இருக்கு. என்னால இதைப் பண்ணியிருக்க முடியாது."

நல்ல மனுஷி. நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் ஒரு அலுவலகத்தின் காதில் விழுந்த பிறகு நல்ல வார்த்தை நல்ல வார்த்தையாகவே இருக்குமா? குடங்களும் கலையின் ஓர் அங்கம் என்பதால் அவை அனைத்தும் நீல நிறத்திலேயே இருத்தல் வேண்டும் என்று முதல் உத்தரவு வந்தது. குடத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்தோம். இரண்டாவது உத்தரவில்தான் வினை இருந்தது. கடலின் உவர்ப்பு குறித்து ஐயம் எழுந்துள்ளபடியால், அப்பொறுப்பைத் தற்காலிகப் பணியாளரிடம் விட்டுவைப்பது முறையல்ல. நிரந்தர அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார்.

வரப்போகிறவர் தலைமை அலுவலகத்தைச் சேர்ந்தவர். அங்கே அவருக்குக் கறார் என்று பட்டப்பெயர். சொன்ன வேலையை அப்படியே செய்துவிடுவாராம். உப்பு போடு என்றால் உப்பு போட்டுவிடுவாராம்! இப்படிப்பட்ட ஆட்களை எல்லாம் எங்கிருந்துதான் பிடிக்கிறார்களோ என்று தெருவே பதறியது.

"நம்ம பையனையே நிரந்தரமாக்கச் சொல்லிக் கேப்போம்," என்றாள் என் மனைவி.

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. குழாய் கேட்டுப் போனபோது வராத மாடி வீட்டுக்காரர்கூட அன்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். நீலக் குடங்களோடு நகராட்சி வாசலில் உட்கார்ந்தோம். "உவர்ப்பு உதவியாளரை நிரந்தரமாக்கு!" என்று நான் கத்த, தெரு மொத்தமும் திருப்பிக் கத்தியது. தண்ணீர் கேட்டபோது எட்டிக்கூடப் பார்க்காத ஆணையர் தானே இறங்கி வந்தார். எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு அரசு ஊழியரை வேலையை விட்டுத் தூக்குங்கன்னுதான் ஜனங்க வந்து நின்னிருக்காங்க. வெச்சுக்கோங்கன்னு வந்தது இதுதான் முதல் தடவை. அவர் கடமையை எவ்வளவு ஒழுங்கா செஞ்சிருக்கணும்!"

கறாரின் நியமனம் ரத்தாயிற்று. மச்சான் நிரந்தர உவர்ப்பு அலுவலரானான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிவந்தோம். வலது தோள் என்னுடையது.

மறுநாள் மாலை கடல் இறங்கியது. முதல் குடம் என் மனைவியுடையது. ஒரு வாய் குடித்தாள். துப்பினாள்.

"உப்பு," என்றாள்.

இரண்டு பேரும் நகராட்சிக்கு ஓடினோம். நேற்றுவரை உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மச்சானுக்கு இன்று நாற்காலி, மேசை, மேசைமேல் ஒரு மணி. எங்களைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்கக்கா." பிறந்ததிலிருந்து அவளை நீ என்று கூப்பிட்டவன்.

"உப்பு போட்டியாடா?"

"போட்டேன். அதுதானே வேலை?"

"நேத்து வரைக்கும் போடலையே!"

"நேத்து வரைக்கும் நான் தற்காலிகம். தப்பு பண்ணா வேலை போகும், வேற வேலை தேடிக்கலாம். இப்ப நிரந்தரம். தப்பு பண்ணா பென்ஷன் போகும். போன பென்ஷனை எங்க போய்த் தேடறது?"

"நாங்க தொண்டை கிழிய உக்காந்து வாங்கிக் குடுத்த வேலைடா அது!"

"அதனாலதான் ரொம்ப பயமா இருக்குக்கா. தெருவே என்மேல நம்பிக்கை வெச்சு அனுப்பியிருக்கு. நான் ஏமாத்தலாமா?"

சொல்லும்போது அவன் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. நடிக்கவில்லை. அதுதான் என்னைக் குலைநடுங்க வைத்தது.

"மச்சான், கொஞ்சம் யோசிச்சுப் பாரு..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க மாமா. உங்க கடையில இருக்கிற உப்பு மூட்டை எல்லாம் அரசாங்கச் சொத்து. வெளியாள் வெச்சிருக்கிறது குத்தம். நாளைக்கு வண்டி அனுப்பறேன், ஏத்தி விட்டுடுங்க."

"அதை வெச்சு என்ன பண்ணப்போறே?"

"நிலுவை உப்பு மாமா. இத்தனை நாள் போடாததையும் சேத்துப் போட்டாத்தான் கணக்கு நேராகும்."

மறுநாள் நானே என் கையால் மூட்டைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். நிலுவையெல்லாம் கரைந்ததும் கடல் கெட்டியாகிவிட்டது. எழுத்தர்களின் கால் வெள்ளை பூத்தது. சாக்கடையோரம் முளைத்திருந்த ஒன்றிரண்டு செடிகளும் கருகின. நாங்கள் பழையபடி நீலக் குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தோம்.

அப்புறம் ஒருநாள் வெளியூர் ஆணையர்கள் கடலைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆணையர் திறப்பு விழாவில் செய்ததுபோலவே விரலை நனைத்து, கண்ணை மூடி, நாக்கில் வைத்தார். மூடிய கண் திறக்கவே இல்லை. முகம் கோணிப்போயிற்று.

"என்னய்யா இது! இது கடலே இல்ல! ஒரே உப்பா இருக்கு!"

"கடல் உப்பாத்தான் சார் இருக்கும்," என்றான் மச்சான்.

"யாருகிட்ட சொல்றே? திறப்பு விழாவுலயே முதல்ல நக்கிப் பாத்தவன் நான்!"

ஆனால் நிரந்தர அலுவலரை என்ன செய்ய முடியும்? அவர் கடமையைச் செய்வதைத் தடுக்கவும் விதியில் இடமில்லை. ஆகவே புதிதாக ஒரு பதவியை உண்டாக்கியிருக்கிறார்கள். தற்காலிக உவர்ப்பு நீக்க உதவியாளர். காலையில் உவர்ப்பு அலுவலர் போடும் உப்பை, விருந்தினர் வருவதற்குள் இவர் எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை எப்படி எடுப்பது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெருவில் விண்ணப்பிக்காத ஆளும் இல்லை. மாடி வீட்டுக்காரர் முதல் ஆளாகப் போட்டார். நானும் போட்டேன். துருப்பிடித்த ரிம்மை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் பஞ்சர் ஒட்டுவது?

நேற்று என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள்.

"ஏங்க, அந்த வேலை கிடைச்சா உப்பை நிஜமாவே எடுத்துடுவீங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலுவலக விஷயத்தைத் தெருவில் வைத்துப் பேசுவது முறையா?

"முதல்ல ஆர்டர் வரட்டும்," என்றேன். "அப்புறம் ஒரு மனுவா எழுதிக் குடு. பாக்கலாம்."

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அடுத்த தெருவுக்குத் தண்ணீர் கேட்கப் போனாள்.